கும்பத்தருகே ஒரு பெட்டி

வெள்ளவத்தையில், கடலை நோக்கிப் போகும் ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடி வீட்டில், நவராத்திரிக் கும்பத்துக்கு வலப்புறமாக ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்த இடம் மடிக்கணினிக்கு உரியது. மடிக்கணினி இன்னும் வாங்கப்படவில்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள் கனகேஸ்வரி. "சரஸ்வதியின்ர மூண்டு நாளும் இண்டைக்குத் தொடங்குது. பிள்ளையின்ர கொப்பி, பேனை எல்லாம் வைச்சாச்சு. உங்கட சாமான் எங்கை?"

"வருது," என்றார் இராசரத்தினம்.

"மூண்டு மாசமா வருது. கப்பலிலயோ வருது?"

இராசரத்தினம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பிரிவுத் தலைவர். வீடு எரியலாம், வாகனம் மோதலாம், கப்பல் கவிழலாம் என்று எண்ணி எண்ணியே காலமெல்லாம் சம்பளம் வாங்கியவர். அப்படிப்பட்டவரிடம் போய், ஒரே மகள் யதுஷா களனிப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டாள் என்றதும், "லப்டொப்பை அப்பாவே தெரிஞ்சு வாங்கித் தருவன்" என்று விதி ஒரு வாக்கை வாங்கிக்கொண்டது.

பணம் வங்கியில் தயாராக இருந்தது. முடிவுதான் தயாராகவில்லை.

அலுவலகத்தில் பக்கத்து மேசைச் சண்முகலிங்கம், "பெரிய திரையா எடுங்கோ. சின்னதெண்டால் பிள்ளைக்குப் படிச்சு முடியமுன்னம் கண்ணாடி வந்திடும்" என்றார். பெரிய திரை என்று முடிவாயிற்று. அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட், "அவ்வளவு பெரிசத் தூக்கிக்கிட்டு களனி பஸ்ல தொங்கினா பிள்ளைட தோள் எறங்கிடும் மச்சான். லேசானதா பாரு" என்றார். பெரிய திரை கைவிடப்பட்டது. பாரிசிலிருந்து மைத்துனன் பிரியந்தன், "அத்தான், இப்ப வாங்காதேங்கோ, அடுத்த மாசம் புதுசு வரும்" என்றான். இவர் அடுத்த மாதம்வரை பொறுத்தார். ஆனால் பாரிசில் எந்த மாதத்துக்கும் அடுத்ததாக இன்னொரு மாதம் இருந்தது.

இடையிடையே யதுஷா, "அப்பா, நான் ஒண்டு பாத்து வைச்சனான்..." என்று தொடங்குவாள்.

"பொறு பிள்ளை. நாலு பேரிட்டைக் கேட்டுத்தான் நல்ல முடிவு எடுக்கலாம்."

"நாலு பேர் எப்பவோ தாண்டியாச்சப்பா."

ஆற்றங்கரையில் ஒரு கொக்கு இருந்ததாம். ஒற்றைக்காலில் நின்று மீன் பிடிப்பதற்கு ஏற்ற கல்லை அது தேடியது. ஒரு கல் வழுக்கியது, ஒன்று தாழ்ந்தது, ஒன்றில் வெயில் பட்டது. தவளையையும் நண்டையும் ஆலோசனை கேட்டுக் கேட்டுக் கடைசியில் மிகச் சிறந்த கல்லைக் கண்டுபிடித்து, காலைத் தூக்கி, கழுத்தை நீட்டிக் குனிந்து பார்த்தபோது ஆற்றில் தண்ணீர் இல்லை. இராசரத்தினத்தின் ஆறு வற்றுவதற்கு அன்று மாலைப் பொழுது மட்டுமே மிச்சமிருந்தது. விஜயதசமிக்கு மறுநாள் பல்கலைக்கழகம் தொடங்குகிறது. கும்பத்தருகே வைத்துக் கும்பிட்ட கணினியோடுதான் மகள் அங்கே அடியெடுத்து வைக்க வேண்டும் என்பது கனகேஸ்வரியின் தீர்மானம்.

"நான் மக்கீன்ர கொம்பியூட்டர் கடைக்குப் போட்டு வாறன்," என்று செருப்பை மாட்டினார்.

"நில்லுங்கோ. அவற்ற மனிசி ஸமீமா வட்டிலப்பம் அனுப்பின பாத்திரம் கிடக்கு, கொண்டுபோய்க் குடுங்கோ."

"குடு."

"வெறும் பாத்திரத்தையோ குடுக்கிறது? பொறுங்கோ, சீனி போட்டுத் தாறன். வெறுமையாத் திருப்பி விட்டால் ரெண்டு வீட்டுக்கும் கூடாது."

நோன்பு காலத்தில் கஞ்சி வந்தாலும், பெருநாளுக்குப் புரியாணி வந்தாலும், அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கும் மக்கீன் வீட்டுப் பாத்திரம் ஒருபோதும் வெறுமையாகத் திரும்பியதில்லை. பொழுது சாய்கிற அந்த அவசரத்திலும் அவள் சீனி டப்பாவைத் தேடி எடுத்து, பாத்திரத்தை நிரப்பிய பிறகுதான் கணவனைப் போகவிட்டாள்.

காலி வீதியில் மக்கீனின் கணினிக் கடை. மக்கீன் கல்லாவுக்கு வெளியே நின்றார். அவருடைய மனைவி ஸமீமா உள்ளே அமர்ந்து பில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சேர். இண்டைக்காச்சும் வாங்கப் போறீங்களா, இல்லாட்டி வழமை மாதிரி பாத்துட்டுப் போகப் போறீங்களா?"

இராசரத்தினம் வரிசையாக அடுக்கியிருந்த கணினிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆபத்தாகத் தெரிந்தது. பிழையான ஒன்றை எடுத்து, நாலாண்டும் மகள் அதோடு மல்லுக்கட்டினால்? வரும்போது ஒழுங்கையில் உதித்த யோசனை அப்போது மிகவும் புத்திசாலித்தனமானதாகப்பட்டது.

"மக்கீன், ஒரு உதவி. எனக்கொரு வெறும் பெட்டி வேணும்."

"பெட்டியா? உள்ளுக்கு மெஷின் வேணாமா?"

"இன்னும் முடிவெடுக்கேல்லை. கும்பத்துக்குப் பக்கத்திலை மூண்டு நாள் பெட்டி இருந்தாச் சரி, அதை ஒருத்தரும் திறக்க மாட்டினம். அதுக்கிடையிலை ஆறுதலா யோசிச்சு ஒண்டை வாங்கி உள்ளுக்கு வைச்சிடுவன்."

ஸமீமா கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தாள். "சாமிக்கு வெக்கிறதுக்கா சேர்?"

"ஓம் தங்கச்சி."

"வெறும் பெட்டியையா?"

"பாரத்துக்குப் பழைய புத்தகம் ஏதாவது கிடந்தா உள்ளுக்கு வைச்சு ஒட்டித் தாருங்கோ. மனிசி தூக்கிப் பாப்பாள்."

மக்கீனின் தொலைபேசி ஒலித்தது. மறுநாள் பேருவளையில் அவர்களுடைய உறவினர் வீட்டுக் கலியாணம். "ஸமீமா, சேருக்கு ஒண்டு சரி பண்ணிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் வாகனப் பேச்சில் மூழ்கினார்.

ஸமீமா சீனிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது, நாலு பக்கமும் நாடா ஒட்டிய புத்தம்புதுப் பெட்டியொன்று அவள் கையில் இருந்தது.

"கவனமாக் கொண்டு போங்க சேர். கீழ போட்டுடாதீங்க."

"வெறும் பெட்டிதானே தங்கச்சி," என்று இராசரத்தினம் சிரித்தார். ஸமீமா சிரிக்கவில்லை.

வீட்டில் யதுஷாதான் கதவைத் திறந்தாள். பெட்டியில் அச்சிட்டிருந்த பெயரைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, மக்கீன் அங்கிள்ட கடையிலை நான் பாத்து வைச்சது இதைத்தான். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இராசரத்தினம் பெட்டியை மறு கைக்கு மாற்றினார். "அது... நாலு பேரிட்டைக் கேட்டு..."

"பொய். நாலு பேரிட்டைக் கேட்டிருந்தா இது வந்திராது." அவள் அவருடைய தோளில் சாய்ந்துகொண்டாள். "எனக்கு வேற ஒண்டும் வேண்டாமப்பா. இதுதான்."

மகள் தோளில் சாய்ந்தால் தகப்பனுக்கு உயரம் கூடும் என்பார்கள். இராசரத்தினமோ அந்தக் கணத்தில் செருப்பு வைக்கும் தட்டளவுக்குக் குறுகிப்போனார். எந்தக் கணினியை வாங்கினாலும் சமாளிக்கலாம் என்றிருந்தது போய், இனி இந்த ஒன்றையே வாங்கியாக வேண்டும் என்றாயிற்று.

கனகேஸ்வரி பெட்டிக்குச் சந்தனம் தொட்டு, குங்குமம் இட்டு, சிவப்புப் பட்டுத்துண்டு போர்த்திக் கும்பத்தருகே வைத்தாள். "இனி விஜயதசமி வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது," என்று அறிவித்துவிட்டு, படமெடுத்துப் பாரிசுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது: 'அத்தான், பெட்டி திறக்கேக்கை நான் வீடியோவிலை நிக்கோணும்.'

மறுநாள் காலை, கடை திறக்கும் நேரத்துக்கு முன்னரே இராசரத்தினம் மக்கீனின் கடை வாசலில் நின்றார். கடை திறக்கவில்லை. பேருவளைக் கலியாணம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் சனக்கூட்டத்தின் இரைச்சல்.

"மக்கீன், அந்தப் பெட்டியிலை பேர் போட்டிருக்கிற மொடல் ஒண்டு எனக்கு வேணும்."

"அதுல இன்னொண்டா சேர்?" என்று மக்கீன் வியந்தார். "அது கடைசி ஒண்டுதான் ஈந்திச்சி. முடிஞ்சி. இனி வர ரெண்டு மாசம் போகும். சேர், மாப்புள வாறாரு, நான் பொறகு..."

தொடர்பு அறுந்தது. 'முடிஞ்சி' என்ற சொல்லைக் கேட்டதுமே இராசரத்தினத்தின் காது மற்ற எல்லாவற்றுக்கும் அடைத்துக்கொண்டது.

அலுவலகத்தில் ஒஸ்வால்டிடம் உண்மையை ஒப்புவித்தார். ஒஸ்வால்ட் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவானவரைப்போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பொய் சொன்னது ஒரு பக்கம் கிடக்கட்டும் மச்சான். பாரம் எதுக்கு வெச்ச? என்னைக் கேட்டிருந்தா லேசான பெட்டியா ஒண்டு தந்திருப்பேனே."

"ஒஸ்வால்ட், பகிடி விடாதை. நாளையிண்டைக்குப் பெட்டியைத் திறந்தா உள்ளுக்குப் பழைய புத்தகம். பிள்ளையின்ர முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?"

ஒஸ்வால்ட் எழுந்து சட்டையைச் சரிசெய்தார். "வா. கொட்டாஞ்சேனையில இல்லாத சாமான் ஒலகத்துல இல்ல."

அரைநாள் விடுமுறை எடுத்துக்கொண்டு இருவரும் முச்சக்கர வண்டியில் அலைந்தார்கள். முதற்கடைக்காரர், "ஏக்க இவராய், அய்யே" என்று, அது முடிந்துவிட்டதெனச் சிங்களத்தில் கையை விரித்தார். அடுத்த கடையிலும் அது முடிந்திருந்தது. மூன்றாவது கடையில், பெயரைச் சொன்னதும் கடைக்காரரே சிரித்துவிட்டார். கடைசியாக, கோயில் மணி கேட்கும் ஒரு சந்தில், ஒஸ்வால்டின் ஞானஸ்நான உறவுக்காரர் ஒருவர் பாவித்த கணினி ஒன்றைத் துணியால் துடைத்து மேசையில் வைத்தார். அதே மொடல். ஆனால் விசைப்பலகையில் இரண்டு விசைகள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு குழிகள் இருந்தன.

"அந்த ரெண்டு எழுத்தும் இல்லாம எழுதப் பழகினாப் போச்சு," என்றார் ஒஸ்வால்ட்.

"பல்கலைக்கழகத்திலையோ?"

"பள்ளிக்கூடத்துல நான் எத்தனை எழுத்து இல்லாமலே எழுதினேன் மச்சான். பாசாகல்லியா?"

இராசரத்தினம் வெறுங்கையோடு வீடு திரும்பினார். வழியில் புதிய உபாயம் ஒன்று முளைத்தது. கணினி கிடைக்காவிட்டால், பெட்டியை இல்லாமற் செய்துவிட்டால் போகிறது. மக்கீன் அழைத்ததாகவும், கணினியில் ஏதோ பழுது என்று திருப்பி வாங்கிக்கொண்டதாகவும் சொல்லிவிடலாம். அடுத்த நாள் மாலை தாயும் மகளும் கோயிலுக்குப் போவார்கள். அதுவே தருணம்.

அந்த மாலையும் வந்தது. அவர்கள் படியிறங்கும் ஓசை ஓய்ந்ததும் இராசரத்தினம் பூசை மேசையை நெருங்கினார். பெட்டி கண்ணில் படவேயில்லை. மாடிக் குடியிருப்பில் படிக்கிற பிள்ளைகள் இருந்த வீடெல்லாம், சரஸ்வதி பூசைக்கென்று தத்தம் புத்தகங்களைக் கொண்டுவந்து கனகேஸ்வரியின் மேசையில் வைத்திருந்தன. இடம் போதாமல், எல்லாம் பெட்டியின்மேல் ஏறிக் கோபுரமாக நின்றன. உச்சியில் யாரோ ஒரு குழந்தையின் அரிச்சுவடி, அதன்மேல் ஒரு செவ்வரத்தம்பூ.

தாயே மன்னித்துக்கொள் என்று முணுமுணுத்தபடி, கோபுரத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் பெட்டியை மெல்லத் தூக்கினார். பாரம் கச்சிதமாக, உண்மைக் கணினியின் பாரமாகவே இருந்தது. 'ஸமீமா கெட்டிக்காரி' என்று அந்த நிலையிலும் மெச்சிக்கொண்டார்.

மெச்சியது பிழை. கவனம் சிதறி, கணக்கும் விஞ்ஞானமும் சமயபாடமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் விழுந்தன. அதேநேரம் கதவும் திறந்தது. அர்ச்சனைத் தேங்காயை மறந்துபோன கனகேஸ்வரி திரும்பி வந்திருந்தாள்.

"என்ன சத்தமது? ஆர் கை வைச்சது?"

"எலி," என்றார் இராசரத்தினம்.

"மூண்டாம் மாடியிலையோ?"

"பெரிய எலி. நான் கண்டனான். பெட்டியைக் கடிக்க வந்தது."

கனகேஸ்வரியின் முகம் மாறியது. புத்தகங்களைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றி, மறுபடியும் பெட்டியின்மேல் அடுக்கினாள். பிறகு சமையலறைக்குப் போய்த் வீடு கூட்டும் தும்புத்தடியை எடுத்துவந்து கணவனின் கையில் கொடுத்தாள்.

"இந்தக் கதிரையிலையே இருங்கோ. எலி வந்தால் அடிக்காதேங்கோ, பிள்ளையாற்ற வாகனம். வெருட்டி மட்டும் விடுங்கோ. சாப்பாடும் இஞ்சையே கொண்டுவாறன். காலமை வரைக்கும் இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது."

கள்ளனைக் காவலுக்கு வைத்த கதையை இராசரத்தினம் சிறுவயதில் கேட்டிருக்கிறார். கள்ளனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அந்தக் கதையில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

விஜயதசமி விடிந்தது. இனி உண்மையைச் சொல்லிவிடுவதே வழி என்று தீர்மானித்து, முழுகித் தோய்ந்து சமையலறை வாசலில் போய் நின்றார்.

"கனகேஸ், உன்னட்டை ஒரு விசயம் சொல்லோணும்."

"கடலை அடிப்பிடிக்குது. பிறகு சொல்லுங்கோ."

மகளிடம் போனார். "பிள்ளை, அப்பா உன்னட்டை..."

"அப்பா, மாமா வீடியோவிலை வந்திட்டார்."

பாரிசில் இன்னும் விடியவில்லை. இருந்தும் பிரியந்தன் தலையைச் சீவி, விபூதி பூசி, தொலைபேசித் திரைக்குள் அமர்ந்திருந்தான். புத்தகங்களை எடுக்க வந்த அயல்வீட்டார் கூடத்தை நிறைத்தார்கள். தீபம் காட்டப்பட்டது. அரிச்சுவடியும் கணக்கும் சமயபாடமும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. சிவப்புப் பட்டு விலகியது. யதுஷா பெட்டியின் முன்னே சம்மணமிட்டு அமர்ந்து, சிறிய கத்தியால் நாடாவை அறுக்கத் தொடங்கினாள்.

ஒரு பக்கம் அறுந்தது. அவளுடைய முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தபோது, அது கண்முன்னே கரைவதைக் காட்டிலும் தானே சொல்லி அடி வாங்கிக்கொள்வது மேல் என்று இராசரத்தினத்துக்குத் தோன்றியது. கண்களை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"பிள்ளை, பொறு. எல்லாரும் கேளுங்கோ. அந்தப் பெட்டிக்குள்ளை..."

கடலோரமாக ஒரு ரயில் போயிற்று. அட்டை மூடி திறந்துகொள்ளும் ஓசை கேட்டது.

"அந்தப் பெட்டிக்குள்ளை என்னப்பா?" என்றாள் யதுஷா.

இராசரத்தினம் கண்ணைத் திறந்தார். மகளின் மடியில், வெண்ணிற உறைக்குள்ளே, வெள்ளிநிறமாய், புத்தம்புதிதாய், முழு எழுத்துகளோடும் ஒரு மடிக்கணினி இருந்தது.

"...இருக்கிறதைக் கவனமா எடு," என்று முடித்தார்.

கும்பத்தின் முன்னே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வெகுநேரம் எழும்பவில்லை.

"கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இப்பதான் மனிசன் ஒருத்தரும் சொல்லாமல் விழுந்து கும்பிடுறார்," என்று கனகேஸ்வரி அயல்வீட்டுப் பெண்ணிடம் பெருமையோடு சொன்னாள். பாரிசிலிருந்து பிரியந்தன், "நல்ல சாமான்தான் அத்தான். ஆனா அடுத்த மாசம் புதுசு வரும்" என்றான். தரையில் கிடந்த இராசரத்தினத்துக்கு அந்தக் குரல்கூட அன்று இனிமையாகக் கேட்டது. மூன்று நாளாக நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கிவிட்டது. யதுஷா கணினியைத் திறந்து, முதல் வேலையாகத் தகப்பன் விழுந்து கிடப்பதைப் படமெடுத்துவைத்தாள்.

பத்து மணியளவில் கனகேஸ்வரி ஒரு பாத்திரம் நிறைய அவலும் கடலையும் போட்டு, மக்கீன் வீட்டாருக்குக் கொடுத்துவரச் சொன்னாள். இராசரத்தினம் காலி வீதியில் மிதந்தபடி போனார். கடை திறந்திருந்தது. மக்கீன் கையில் ஏதோ ஒரு பில்லை வைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க சேர், உங்களத்தான் பாத்துக்கிட்டு..."

"பொறுங்கோ மக்கீன், முதல்லை நான் சொல்லி முடிக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ." இராசரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "அற்புதம் நடந்திருக்கு. நான் இஞ்சையிருந்து வெறும் பெட்டியைத்தான் கொண்டு போனனான், அதுக்கு நீங்களே சாட்சி. மூண்டு நாள் கும்பத்துக்குப் பக்கத்திலை இருந்தது. காவலுக்கு இருந்ததும் நான்தான். இண்டைக்குத் திறந்தால் உள்ளுக்கு லப்டொப். அதுவும் பிள்ளை ஆசைப்பட்ட அதே மொடல். சொல்லுங்கோ, இது ஆரின்ர வேலை?"

மக்கீன் பில்லைப் பார்த்தார், இராசரத்தினத்தைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

ஸமீமா அவலைத் தன் பாத்திரத்தில் கொட்டிவிட்டு, கனகேஸ்வரியின் பாத்திரத்தைத் துடைத்து, அதில் சீனி போட்டபடியே நிமிராமல் சொன்னாள்:

"கஞ்சி அனுப்புற பாத்திரத்தையே கனகா அக்கா ஒரு நாளும் வெறுமனே திருப்பி அனுப்பினதில்ல சேர், சாமிக்கு வெக்கிறதுக்கெண்டு நீங்க வாங்கிட்டுப் போற பெட்டிய நான் மட்டும் வெறுமனே அனுப்புவேனா?"